ஒட்டினால் தழும்பு தெரியும்

ஈசூன் மருத்துவமனை, அவசரப் பிரிவு,
அதிகாலை இரண்டே கால்.
பெர்சீஸின் இடது கை
மரவள்ளிக் கிழங்காய் வீங்கியிருந்தது.
குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம்.
விழுந்தாளாம் என்கிறேன்.
நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.
சத்தம் கேட்டது.
ஏதோ வாளி என்று
திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நாங்கள் பேசாமலிருந்த பதினோராம் நாள் அது.
தம்பிக்கு எட்டாயிரம் வெள்ளி அனுப்பியிருந்தேன்
இருவர் பெயரிலும் உள்ள கணக்கிலிருந்து,
ஒருவன் மட்டும் முடிவெடுத்து.
அவள் கத்தவில்லை.
கணக்கைத் திறந்து காட்டும் கைப்பேசியை
என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்,
இன்னொரு பதார்த்தம்போல.

இடையில் ஒரு ஞாயிறு வந்தது.
தமிழ் ஆராதனை. திருவிருந்து.
அருகருகே முழங்காலிட்டோம்.
எங்கள் சபையில் திராட்சரசம்
சின்னச் சின்னக் கிண்ணங்களில், ஆளுக்கொன்று.
அன்று அது எனக்கு வசதியாக இருந்தது.

விரல் நீலம் பூக்கிறது,
மோதிரத்தை எடுத்தாக வேண்டும் என்றாள் தாதி.
சோப்பு போட்டார்கள்.
நூல் சுற்றி இழுத்தார்கள்.
இருபத்திரண்டு வருஷமாய் உட்கார்ந்தது
இறங்க மறுத்தது.
பிறகு ஒரு சிறிய பல்சக்கரக் கருவி.
வெட்டலாமா?
பெர்சீஸ் தாதியைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
பதினோரு நாளுக்குப் பின்
என் வாயிலிருந்து வந்த முதல் சொல்:
வெட்டுங்க.

பொன் கத்துமா?
கத்தியது.

இதற்குத் தொடக்கமுமில்லை முடிவுமில்லை என்று
போதகர் அந்த மோதிரத்தை உயர்த்திக் காட்டினார்
எங்கள் திருமணத்தன்று.
நல்ல வாக்கியம்தான்.
இப்போது அதற்கு இரண்டு முனைகள்,
ஒன்றையொன்று பார்த்தபடி,
நடுவே ஒரு நெல்மணி நுழையும் இடைவெளி.

விரலில் ரத்தம் திரும்பியது.
மோதிரம் இருந்த இடத்தில்
வெளுத்து, ஒடுங்கி, பள்ளமாய்
இன்னொரு மோதிரம்.
அதை வெட்டக் கருவி கிடையாது.
தொட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.
வலி காரணமாயிருக்கலாம்.

உடன்படிக்கை என்ற சொல்லை
எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன்.
ஒப்பந்தத்துக்குக் கோயில் உடுப்பு போட்டதுபோல
என்றுதான் நினைத்திருந்தேன்.
ஒப்பந்தத்தில்
ஒருவன் மீறினால் மற்றவருக்கு விடுதலை.
இதிலோ,
மீறப்பட்டவள்
வந்து பக்கத்தில் முழங்காலிடுகிறாள்.
தன் சின்னக் கிண்ணத்தைக் குடித்துவிட்டு
என் கிண்ணத்தையும் வாங்கித் தட்டில் வைக்கிறாள்.
அந்த ஞாயிறு அவள் அப்படிச் செய்தாள்.
எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

சனிக்கிழமை தேக்காவில் பத்தர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்,
பழையதைக் கழித்துப் புதுசா எடுத்துக்கலாம்.
ஒட்டினால் தழும்பு தெரியும்.
தெரியட்டும், என்றாள் பெர்சீஸ்.

கல்லறையை விட்டு வந்த பின்னும்
கைத்தழும்பை மறைக்காத ஒருவர் முன்புதானே
அன்று வாக்குக் கொடுத்தோம்.
இதை அவள் சொல்லவில்லை.
ரசீதை மடிக்கும்போது எனக்குத் தோன்றியது.
நானும் சொல்லவில்லை.

உணவங்காடியில் மின்விசிறிக்கு நேர்கீழே இடம்.
அவள் கூந்தல் அவிழ்ந்து பறந்தது.
ஒற்றைக் கையால் முடியவில்லை.
நான் எழுந்து பின்னால் நின்று
அத்தனை பேர் முன்னிலையிலும்
கோணல்மாணலாய்ச் சேர்த்துப் பிடித்தேன்.
திரும்பாமலே கேட்டாள்,
உங்க தம்பிக்குப் பணம் போய்ச் சேர்ந்துச்சா?
சேர்ந்துச்சு.
சொல்லியிருந்தா நானும்தான் குடுக்கச் சொல்லியிருப்பேன்.

ரப்பர் வளையம்
மூன்றாம் சுற்றில் அறுந்தது.
பையில் இன்னொன்று இருக்கு,
பாருங்க, என்றாள்.